ஓசியில ஒரு ரேஸ் குதிரை கிடைக்குது, எடுக்கலாமா? (பெங்களூரு)

சர்ஜாபூர்_அப்பா எழுதியது:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. நான் இருக்கிறது சர்ஜாபூர் ரோடு பக்கம், சொந்த ஊரு திருப்பத்தூர். பொண்ணுக்கு 13 வயசு. ரெண்டு வருஷமா சனி ஞாயிறு குதிரை ஏத்தம் கத்துக்குறா, அவ பேசுறது வரையுறது எல்லாமே குதிரைதான். இப்ப என்ன ஆச்சுன்னா, கூட வேலை பாக்குறவரோட சொந்தக்காரர் ஒருத்தர் ரேஸ் குதிரை வச்சிருக்கார், அதுல ஒண்ணு இனிமே ஓடாதாம். 7 வயசு, காயடிச்ச ஆண், செம்பழுப்பு உடம்பு, கறுப்பு பிடரி, சும்மா சொல்லக்கூடாது, கண்ண எடுக்க முடியல. "காசெல்லாம் வேணாம், நல்ல இடத்துக்கு போனா போதும், கூட்டிட்டு போங்க"ன்னுட்டார். முன்னங்கால்ல பழைய அடி ஒண்ணு இருக்கு, சரியாயிடுச்சுன்னு சொல்றார்.

ஆனேக்கல் தாண்டி எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருக்கு. அங்க ரெண்டு பசு, பாத்துக்க ஒரு குடும்பம், போர் தண்ணி, சுத்தி முள்கம்பி வேலி. மாட்டுக் கொட்டாயிலயே ஒரு ஓரமா கட்டிக்கலாம், தீவனமும் மாட்டுக்கு வாங்குறதுதானே, கூட ஒரு மூட்டை வாங்கினா ஆச்சுன்னு என் கணக்கு. நாங்க வாரக்கடைசியில போவோம். வீட்டம்மா "யானையைக் கட்டி தீனி போட்ட கதையாயிடும்"ங்குறா. பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடல.

குதிரை வச்சிருக்கவங்க, வச்சிருந்தவங்க யாராவது உண்மைய சொல்லுங்க. தினம் என்ன செய்யணும், டாக்டர் ஊசி லாடம் இதெல்லாம் எப்படி? அந்தியூர் சந்தையில மார்வாரி இனக் குதிரைக் குட்டி வாங்குறது இதவிட பரவாயில்லையான்னும் ஒருத்தர் கேட்டார்.

---

அல்சூர்_அரட்டை பதில்:

தானம் கொடுத்த மாட்டை பல்லைப் புடிச்சுப் பாக்காதேன்னு பெரியவங்க சொன்னது மாட்டுக்குத்தான் சார். குதிரைக்கு முதல் வேலையே பல்லைப் பாக்குறதுதான் 😄 விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க, நான் பாப்கார்னோட உக்காந்திருக்கேன்.

---

லாயத்துப்பையன் பதில்:

அண்ணா, எங்கப்பா 30 வருஷம் இங்க ரேஸ் கோர்ஸ்ல குதிரைக்காரர். சைஸ்னு சொல்வாங்க. நான் வளந்ததே லாயத்து ஓரத்துலதான், ஸ்கூல் பையோட போயி கொள்ளு வேகுற அண்டா பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் எழுதுவேன். அதனால சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க கணக்குல குதிரைக்கு எடம் இருக்கு, தண்ணி இருக்கு, ஆள்தான் இல்ல.

அப்பாகிட்ட ரெண்டு குதிரை இருக்கும், அவ்ளோதான். அந்த ரெண்டுக்கே நாள் பூரா சரியா இருக்கும். விடிய முன்னாடி போனதும் அவர் முதல்ல பாக்குறது குதிரைய இல்ல, தரைய. ராத்திரி எத்தன தடவ லத்தி போட்டிருக்கு, உருண்டையா ஈரமா இருக்கா, காஞ்சு சின்னதா இருக்கா, வைக்கோல் பரப்பினது கலைஞ்சிருக்கா (கலைஞ்சிருந்தா ராத்திரி உருண்டு பொரண்டிருக்கு), தொட்டியில தண்ணி எவ்ளோ கொறஞ்சிருக்கு. அப்புறம் நாலு கால்லயும் மேலருந்து கீழ வரைக்கும் கைய வச்சு தடவுவார், எங்கயாவது சூடு இருக்கா, நேத்து இல்லாத வீக்கம் இருக்கா. இதுக்கு படிப்பு தேவையில்ல, ஆனா தினமும் அதே கை பாக்கணும். நேத்து எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்ச கைக்குத்தான் இன்னைக்கு வித்தியாசம் தெரியும். வாரக்கடைசியில போற கைக்கு ஒண்ணும் தெரியாது, மன்னிச்சுக்கோங்க.

குளம்பு தினம் சுத்தம் பண்ணணும், வளைஞ்ச கம்பி இருக்கும் அதுக்குன்னு. அடியில முக்கோணமா ரப்பர் மாதிரி ஒரு பாகம் இருக்கும், அதோட ரெண்டு பக்க பள்ளத்துலயும் சேறும் லத்தியும் சேந்துச்சுன்னா அழுக ஆரம்பிக்கும், கறுப்பா வரும், நாத்தம் ஒரு தடவ மோந்தா மறக்காது. நம்ம ஊரு மழைக்காலத்துல மாட்டுக் கொட்டாய் தரை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அங்க கட்டினா ஒரே மாசத்துல வந்துடும்.

லாடம் ஆறுலருந்து எட்டு வாரத்துக்கு ஒருக்க. லாடம் அடிக்கிறவர ரேஸ் ஆளுங்க நால்பந்துன்னு சொல்வாங்க. லாடம் வேணாம், வெறுங்குளம்பா விடப்போறேன்னாலும் சீவி விட அவர் வந்தே ஆகணும். தயவுசெஞ்சு மாட்டுக்கு லாடம் கட்டுறவர கூட்டிட்டு வந்துடாதீங்க, நல்ல மனுசங்கதான், ஆனா மாட்டுக் குளம்பு ரெண்டா பொளந்தது, லாடமும் ரெண்டு துண்டு, இது வேற வேலை. ஆணி ஒரு நூல் உள்ள தள்ளி எறங்கினா குதிரை நொண்டி.

வேலி. முள்கம்பிய முதல்ல எடுங்க. மாடு முள்கம்பிகிட்ட நின்னு யோசிக்கும், குதிரை மெரண்டா யோசிக்காது. அப்பா வேலைய விட்டப்புறம் ஒரு பண்ணைக்கு போனார், அங்க நெஞ்சு கிழிஞ்ச குதிரைய தச்சத நானே கண்ணால பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, ரேஸ் குதிரைக்கு தோட்டம்னா என்னன்னே தெரியாது. சின்ன வயசுலருந்து பெட்டி மாதிரி லாயம், விடியக்காலம் ஓட்டம், நேரத்துக்கு தானியம், பக்கத்துல எப்பவும் நாலு குதிரை கனைக்கிற சத்தம். அத தனியா ரெண்டு பசு நடுவுல கட்டினா முதல் பத்து நாள் கத்திக்கிட்டே இருக்கும், சுத்திச் சுத்தி நடக்கும். பசு இருக்கிறது ஒண்ணுமே இல்லாததுக்கு பரவாயில்ல. ஆனா அதுக்கு வேண்டியது இன்னொரு குதிரை.

---

சர்ஜாபூர்_அப்பா பதில்:

தம்பி, நன்றி, கொஞ்சம் வயித்த கலக்கிடுச்சு. ஒரு சந்தேகம், அந்த குடும்பம் மாட்ட 15 வருஷமா பாக்குறாங்க, கன்னுக்குட்டி எல்லாம் அவங்களே இழுத்து போடுறவங்க. கத்துக்க மாட்டாங்களா?

---

ஹெப்பாள்_வெட் பதில்:

கத்துக்குவாங்க சார், ஆனா மாட்டைப் பத்தி தெரிஞ்சத மறந்துட்டு கத்துக்கணும், அதான் கஷ்டம். நான் கால்நடை டாக்டர், ஹெப்பாள் காலேஜ்ல படிச்சவன், குதிரையும் பாக்குறேன். மொபைல்ல டைப் பண்றேன், கோர்வையா வராது.

மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போடும், உப்புசம் வந்தா காத்த வெளிய விட வழி இருக்கு. குதிரைக்கு ஒரே வயிறு, உடம்புக்கு ரொம்ப சின்னது, அதோட குதிரையால வாந்தி எடுக்கவே முடியாது. தப்பா ஒண்ணு உள்ள போயிடுச்சுன்னா போனதுதான். வயித்துல அமிலம் 24 மணி நேரமும் சுரந்துகிட்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். அதனால காலையில ஒரு கட்டு சாயங்காலம் ஒரு கட்டுன்னு மாட்டுக்கு போடுற மாதிரி போட்டு நடுவுல வெறும் வயித்துல நிறுத்தினா புண்ணு வரும். ரேஸ்லருந்து வர்றதுல நெறைய குதிரைக்கு ஏற்கனவே வயித்துப்புண் இருக்கும்.

உங்க மாட்டுத் தீவன ஐடியாவ இன்னைக்கே விட்டுடுங்க. சில மாட்டுத் தீவனத்துலயும் கோழித் தீவனத்துலயும் மொனென்சின்னு ஒரு மருந்து கலப்பாங்க. மாட்டுக்கு நல்லது, குதிரைக்கு கொஞ்சம் போனாலே இதயத்த அடிச்சிடும், மாத்து மருந்தும் கிடையாது. குதிரைத் தீவனம் தனி மூட்டை, தனி டப்பா, தனி பக்கெட்.

450 கிலோ குதிரைன்னா தினம் 8, 9 கிலோ காஞ்ச புல், மாசத்துக்கு கால் டன் பக்கம் வருது, வைக்க மழை படாத எடம் வேணும், பூசணம் புடிச்சத போடவே கூடாது. குதிரைமசால்ங்குற பசுந்தீவனம் கொஞ்சம் சேக்கலாம், பேர்லயே குதிரை இருக்குன்னு அதையே கொட்டிடாதீங்க. கொள்ளு வேக வச்சு அளவா. தானியம் ஒரு வேளைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல வேண்டாம், வாரக்கடைசி சவாரிக்கு அது கூட அதிகம். இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுங்குறது இங்க அப்படியே செல்லாது, வேலை இல்லாம கொழுத்த குதிரைக்கு கொள்ளு குடுத்தா அது உங்க பொண்ணோட முதுகெலும்புக்குத்தான் ஆபத்து. தவிடு பக்கெட் பக்கெட்டா போடுற பழக்கமும் வேண்டாம், பாஸ்பரஸ் ஏறி எலும்புல இருக்கிற சுண்ணாம்ப உறிஞ்சிடும். தண்ணி 30, 40 லிட்டர் குடிக்கும், தொட்டி எப்பவும் நெறஞ்சே இருக்கணும். உப்புக்கட்டி ஒண்ணு நக்குறதுக்கு. தீவனம் எத மாத்தினாலும் பத்து பதினாலு நாள் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

உங்க பொண்ணுக்கு நான் குடுக்குற முதல் வீட்டுப்பாடம் நாடி பாக்குறது. தாடை எலும்போட உள்பக்க ஓரத்துல விரல வச்சா கயிறு மாதிரி ஓடும், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கணும். சும்மா நிக்கிறப்போ 28லருந்து 44க்குள்ள இருக்கும். மூச்சு நிமிஷத்துக்கு 8லருந்து 16. ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சா 99லருந்து 101.5 ஃபாரன்ஹீட். ஈறுல விரல அழுத்தி எடுத்தா வெளுத்த எடம் ரெண்டு செகண்டுக்குள்ள சிவக்கணும். நல்லா இருக்கிறப்போ ரெண்டு வாரம் எழுதி வச்சாத்தான் நோய் வர்றப்போ ஒப்பிட முடியும்.

பயப்பட வேண்டியது வயித்து வலிக்கு, கோலிக்னு சொல்வோம். தீனி தொடாது, முன்னங்காலால தரைய பறிக்கும், திரும்பித் திரும்பி தன் வயித்தையே பாக்கும், படுக்கும் எழும் உருளும், லத்தி வராது. தீனிய எடுத்துட்டு டாக்டருக்கு போன் போடுங்க, வர்ற வரைக்கும் கயித்துல புடிச்சு மெதுவா நடத்தலாம், ஆனா மணிக்கணக்குல இழுத்தடிக்காதீங்க. யாரோ சொன்னாங்கன்னு வாய் வழியா எண்ணெய் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயி அதுலயே செத்த குதிரை உண்டு. எங்கிட்ட கேக்காம வலி ஊசி போட்டா நோய் மறைஞ்சிடும், குடல் முறுக்கிக்கிட்டு இருந்தா நேரம் போயிடும். நாடி 60 தாண்டி எறங்கவே இல்லன்னா அர்த்தம் மோசம். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த போன போடப்போறது யாரு, ஆனேக்கல்லுக்கு வர ஒத்துக்கிற குதிரை டாக்டர் யாரு, இத ரெண்டையும் முடிவு பண்ணிட்டு குதிரைய பத்தி பேசலாம்.

குடல்புழு மருந்துக்கு எடை தெரியணும். நெஞ்சுச் சுற்றளவ சென்டிமீட்டர்ல அளந்து அதையே அதால பெருக்கி, தோள் முனையிலருந்து பின்புற முனை வரைக்கும் உள்ள நீளத்தாலயும் பெருக்கி, 11880ஆல வகுத்தா ஏறக்குறைய கிலோ. 180 சுற்றளவு, 165 நீளம்னா 450. லத்திய டெஸ்ட் பண்ணி முட்டை எண்ணிக்கை பாத்து மருந்து குடுக்குறது நல்லது, கண்ணை மூடிக்கிட்டு அடிக்கடி குடுத்தா புழுவுக்கு மருந்து பழகிடும்.

ஊசியில தெட்டனஸ் ரேபிஸ் ரெண்டும் கண்டிப்பா. உங்க பக்கம் தெருநாய் எவ்ளோன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தெட்டனஸ் குதிரைய மாதிரி வேற எந்த பிராணியையும் அவ்ளோ சுலபமா புடிக்காது, ஒரு ஆணிக் குத்து போதும். ஃப்ளூவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் உங்க டாக்டர் சொல்றபடி. பல்லு வருஷத்துக்கு ஒருக்க, வளந்துகிட்டே இருக்கும், ஓரம் கத்தி மாதிரி கூராகி கன்னத்த கிழிக்கும், பாதி மென்னு துப்பினா அதுதான்.

அந்தியூர் பத்தி கேட்டீங்க. குருநாதசாமி கோயில் சந்தை, ஆடி மாசம், போயி பாருங்க, கண்கொள்ளாக் காட்சி. ஆனா புதுசா குதிரை வாங்குறவர் சந்தையில வாங்காதீங்க. எங்க வாங்கினாலும் கிளாண்டர்ஸ்ங்குற தொத்துநோய் இல்லன்னு ரிப்போர்ட் பாக்காம வண்டியில ஏத்தாதீங்க. ரத்த சோதனையில உறுதியானா மருந்து கிடையாது, சட்டப்படி குதிரைய கொன்னுதான் ஆகணும், மனுசனுக்கும் தொத்தும். ஹிசார்ல இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம்தான் இதுக்கு கடைசி வார்த்தை. கூடவே சர்ராங்குற ரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் பாத்துடுங்க, உண்ணி இல்ல, கடிக்கிற பெரிய ஈ பரப்புறது. விட்டு விட்டு காய்ச்சல், எளைச்சுகிட்டே போகும்.

---

வைட்ஃபீல்ட்_வசு பதில்:

டாக்டர் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல, ஆனா நான் பண்ணின தப்ப சொல்றேன், உங்க கேள்விய படிச்சப்போ ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின மாதிரியே இருந்துச்சு.

எங்க பையனுக்காக வாங்கினோம். அவனுக்கு அப்ப 15. நிலம் ஹொஸ்கோட்டே பக்கம், பாத்துக்க ஒரு பெரியவர், தங்கமானவர், குதிரைய "ராஜா ராஜா"ன்னு கொஞ்சுவார். ரெண்டாவது வருஷம் தீபாவளிக்கு நாங்க சேலம் போயிட்டோம். பண்டிகை நாள்ல எல்லாரும் சாப்பிடுறோம், அது மட்டும் காஞ்ச புல்ல மெல்லுதேன்னு மனசு கேக்காம அவர் சாதமும் வெல்லமும் பிசைஞ்சு ஒரு பக்கெட் வச்சிருக்கார், அது ஆசை ஆசையா தின்னுடுச்சுன்னு எங்களுக்கே போன்ல சந்தோஷமா சொன்னார். எனக்கும் அப்ப அது தப்புன்னு தெரியல அண்ணா, நானும் சிரிச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு வந்து பாக்குறேன், முன்னங்கால ரெண்டையும் முன்னாடி நீட்டி, உடம்ப பின்னாடி சாய்ச்சு, அடுப்பு மேல நிக்கிற மாதிரி நிக்குது. ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்குது. குளம்பு தொட்டா சுடுது, குளம்புக்கு மேல நாடி தட்டுறது கையில தெரியுது. லாமினைட்டிஸ். உள்ள இருக்கிற எலும்ப குளம்போட புடிச்சு வச்சிருக்கிற சதை விட்டுப்போறது, அவ்ளோ வலி. பக்கத்து மீன் கடையிலருந்து ஐஸ் வாங்கி மூட்டை மூட்டையா காலுக்கு கட்டினோம். பொழைச்சிடுச்சு. சவாரி முடிஞ்சுபோச்சு.

பெரியவர நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. சொல்லிக் குடுக்காதது நான். அதுக்கப்புறம் தீவன டப்பாவுக்கு பூட்டு போட்டோம், சுவத்துல கன்னடத்துலயும் தமிழ்லயும் எழுதி ஒட்டினோம், என்ன குடுக்கலாம் எவ்ளோ குடுக்கலாம்னு.

பையன் இப்ப ஜெர்மனியில படிக்கிறான். குதிரைக்கு 16 வயசு, இன்னும் பத்து வருஷத்துக்கு மேல கூட இருக்கும், 25லருந்து 30 வரைக்கும் வாழுற பிராணி. வீடியோ கால்ல காட்டுன்னு கேப்பான், நான் சேறு மிதிச்சுகிட்டு போயி காட்டுவேன். உங்க பொண்ணுக்கு 13ன்னா, அவ காலேஜ் போறப்போ உங்க குதிரைக்கு 12. அந்த வயசுல அது நல்லா தெம்பா நிக்கும். வேணும்னு எடுக்கிறது அவ, கடைசி வரைக்கும் வச்சிருக்கப்போறது நீங்களும் உங்க வீட்டம்மாவும். அதனால அவங்க "யானை"ன்னு சொல்றத ஒதுக்கிடாதீங்க.

---

அல்சூர்_அரட்டை பதில்:

பாப்கார்ன கீழ வச்சுட்டேன்.

ஒண்ணு கேக்குறேன், அவ கத்துக்குற எடத்துலயே ஒரு குதிரைய மாசக் கட்டணத்துக்கு பங்கு போட்டு எடுத்துக்க முடியாதா? என் அக்கா பொண்ணு அப்படித்தான், வாரத்துக்கு மூணு நாள் அவ குதிரை மாதிரி, தேய்க்கிறது கழுவுறது லத்தி அள்ளுறது எல்லாம் அவதான். ஆறு மாசம் லத்தி அள்ளினதும் நெறைய புள்ளைங்களுக்கு ஆசை தெளிஞ்சிடும், அவளுக்கு தெளியல, அது வேற விஷயம்.

---

லாயத்துப்பையன் பதில்:

இது நல்ல யோசனை. அண்ணா, அந்த பழைய அடி எந்த எடத்துலன்னு பாத்தீங்களா? முன்னங்கால்ல முட்டிக்கு கீழ பின்பக்கம் தசைநாண் (தசைய எலும்போட சேக்குற கயிறு மாதிரி நார்) நேரா இறங்கணும். பக்கவாட்டுல நின்னு பாருங்க, வில்லு மாதிரி வெளிய வளைஞ்சிருந்தா அது தசைநாண் கிழிஞ்சு ஆறினது. ஆறும், பழைய பலம் வராது. தாண்டுறதுக்கெல்லாம் ஆகாது. ஓனர் டாக்டர் இல்லாம நீங்க ஒரு டாக்டர கூட்டிட்டு போங்க, ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. குடுக்குறவர் நல்லவராவே இருந்தாலும்.

---

சர்ஜாபூர்_அப்பா பதில் (மூணு வாரம் கழிச்சு):

மக்களே, சொல்லாம போயிட்டேன்னு நெனைக்காதீங்க. டாக்டரோட போயி பாத்தோம். தம்பி சொன்ன அதே வில்லு, இடது முன்னங்கால். ஸ்கேன் எடுத்தாச்சு, நடை, மெதுவான ஓட்டம் பரவால்ல, தாண்டவே கூடாதுன்னுட்டார். பல்லுல ரெண்டு எடத்துல கூர் இருந்துச்சு, ராவி விட்டார். கிளாண்டர்ஸ் ரிப்போர்ட் கையில இருக்கு, சுத்தம்.

ஆனேக்கல் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். எடுக்குறோம்னும் இன்னும் சொல்லல. ஓனர்கிட்ட ரெண்டு மாசம் டைம் கேட்டேன், குதிரை இப்ப இருக்கிற எடத்துலயே இருக்கட்டும், புல்லு தீவனம் லாடம் செலவு என்னுது, பொண்ணு வாரத்துக்கு நாலு நாள் காலையில போவான்னு. ஒத்துக்கிட்டார். அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு எழுந்திரிக்கிறா, ஸ்கூலுக்கு பத்து தடவ எழுப்பணும், இதுக்கு தானா எழுந்திரிக்கிறா. கொண்டுபோயி விடுறது நான், அதனால எனக்கும் தூக்கம் போச்சு. வீட்டம்மா ஒரு நாள் கூட வந்தா, ஒண்ணும் பேசல, மறுநாள் டப்பாவுல கேரட் நறுக்கி குடுத்து விட்டா.

பொண்ணு நோட்டுல எழுதுறா. நேத்து நாடி 36, மூச்சு 12, லத்தி சரி, இடது கால் சூடு இல்ல. டாக்டர் சார், ஞாயித்துக்கிழமை மட்டும் 44னு இருக்கு, பயப்படணுமா?

---

ஹெப்பாள்_வெட் பதில்:

எத்தன மணிக்கு எண்ணினது? சவாரி முடிச்சு வந்ததும் எண்ணியிருந்தா 44 கம்மிதான். ஓய்வுல 44ன்னா அளவுக்கு விளிம்பு, அடுத்த ஞாயிறு தீனி போடுறதுக்கு முன்னாடி ஒருக்க எண்ணி போடச் சொல்லுங்க.

---

சர்ஜாபூர்_அப்பா பதில்:

கேட்டேன் சார். பக்கத்துல டிராக்டர் வந்து நின்னப்போ எண்ணியிருக்கா. அதையும் நோட்டுல எழுதியிருக்கா, நான்தான் பாக்கல.

---

லாயத்துப்பையன் பதில்:

அப்ப சரி 😄 அண்ணா, ரேஸ் பேரு நீட்டமா இருக்கும், லாயத்துல என்ன சொல்லி கூப்பிடுறாங்க?

---

சர்ஜாபூர்_அப்பா பதில்:

குண்டப்பான்னு. எலும்பெல்லாம் தெரியுது, ஏன்னு கேட்டா சைஸ் அண்ணன் சிரிக்கிறார்.